எழுபத்தெட்டாவது கம்பம்

எங்கட தீவில இருக்கிற நாய்களில அரைவாசிக்கு மேலான நாய்களுக்குப் பேர் வைச்சவர் மீற்றர் அண்ணைதான். மிச்ச நாய்களுக்கு வீட்டுக்காரர் வைச்ச பேரையும் அவர் மாத்திப்போட்டார். எங்கட ஊர் நாரந்தனையில 'டைகர்' எண்டு கத்திப் பாருங்கோ, ஒண்டும் திரும்பாது. மீற்றர் அண்ணை 'தம்பிராசா' எண்டு கூப்பிட்டால் அதே டைகர் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவரும். அவற்ர தோள் பையில கரண்டுப் புத்தகத்தோட எப்பவும் நாய்களுக்கெண்டு ஒரு பைக்கற் மேரி பிஸ்கற் இருக்கும்.

கரண்டு மீற்றர் பாக்கிறது அவற்ர வேலை. படலையில நிண்டு "மீற்றர்!" எண்டு மூண்டு தரம் கூப்பிடாமல் எந்த வளவுக்குள்ளயும் கால் வைக்கமாட்டார். ஆள் இருந்தாலும் கூப்பிடுவார், இல்லாட்டியும் கூப்பிடுவார். பொம்பிளை பாக்கப் போன அண்டைக்கும் அப்பிடித்தான். பட்டு வேட்டியோட படலையில நிண்டு "மீற்றர்!" எண்டு கத்த, மாமியார் வந்து குசினிப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் மீற்றரைக் காட்டினவவாம். அவரும் அதை வடிவா வாசிச்சு எழுதிப்போட்டுத்தான் கதிரையில வந்து இருந்தவராம்.

அதைவிடப் பெரிய விசர் ஒண்டு அவருக்கு இருந்தது. கண்ணால பாக்காத எதையும் எழுதவும் மாட்டார், சொல்லவும் மாட்டார். ஒருக்கா கரம்பொன்னில ஒரு வீட்டு மீற்றருக்கு மேல குளவி கூடு கட்டிப்போட்டுது. வேற ஆளெண்டால் போன மாதக் கணக்கைப் பாத்து ஒரு குத்துமதிப்பை எழுதிப்போட்டுப் போயிருப்பான். இவர் துவாயால முகத்தைச் சுத்திக்கொண்டு போய் வாசிச்சவர். திரும்பி வரேக்கை சொண்டு ரெண்டும் பணிஸ் மாதிரி வீங்கியிருந்துது. ஆனா இலக்கம் சரி.

ஆஸ்பத்திரியில டொக்டர் "வயசு என்ன?" எண்டு கேட்டதுக்கு இவர் சொன்ன மறுமொழி தீவு முழுக்கப் பிரசித்தம்.

"அடையாள அட்டை வீட்டில இருக்கு ஐயா. பாத்திட்டு வந்து சொல்லுறன்."

இந்த மனிசனோட நான் ஒரு ஓட்டப் போட்டிக்குப் போனனான் எண்டால் நம்புவியளோ?

நான் நாரந்தனையில பாலர் பாடசாலை ரீச்சர். பத்தொன்பது பிள்ளையள். எங்கட கிணத்துத் தண்ணி வாயில வைக்கேலாத உப்பு. தண்ணி பவுசர் ரெண்டு நாளைக்கு ஒருக்கா வரும், ஆனா பிடிச்சு வைக்கத் தாங்கி இல்லை. வாளியிலயும் குடத்திலயும் பிடிக்கிறது அடுத்த நாள் பத்து மணிக்கே அடியைத் தொட்டிடும். பிறகு நான்தான் குடத்தைத் தூக்கிக்கொண்டு றோட்டுக்கு அங்கால உள்ள நல்ல கிணத்துக்கு நடக்கவேணும். பிள்ளையளை வரிசையில விட்டு அரைக் கோப்பை, அரைக் கோப்பையாக் குடுப்பன். ஒருநாள் ஒரு சின்னன் என்ர சீலையைப் பிடிச்சு இழுத்து, "ரீச்சர், நாளைக்கு நான் முதலாக் குடிக்கலாமோ?" எண்டு கேட்டுது. அண்டைக்கு இரவு எனக்குச் சோறு இறங்கேல்லை.

அந்த நேரம் பாத்து, கனடாவிலயிருந்து லீவில வந்த எங்கட பகுதிப் பெடியள் கொஞ்சப் பேர் ஒரு போட்டி வைச்சவங்கள். மூண்டு பேர் ஒரு அணி. ஊர்காவற்றுறை இறங்குதுறையில தொடக்கம், வேலணையில இருந்து புங்குடுதீவுக்குக் கடலுக்கு நடுவால போற தாம்போதி றோட்டின்ர அந்தக் கரையில முடிவு. சைக்கிள் மட்டும்தான். போனைப் பையில போட்டுக் கட்டி வாங்கிடுவாங்கள். இடையில விடுகதை, புதிர், பாரம் தூக்கிற வேலை எல்லாம் இருக்கு. முதல் பரிசு, வெல்லுற ஊருக்கு ஐயாயிரம் லீற்றர் தண்ணித் தாங்கி.

தாங்கி எண்டதை வாசிச்ச உடனயே நான் பேரைப் பதிஞ்சுபோட்டன். றெஜினாவும் வாறனெண்டவ. அவ ஊர்காவற்றுறைக் கடற்கரையில வலையோட வளந்து எங்கட ஊரில கலியாணம் செய்து வந்தவ. அவவின்ர மகளும் என்னட்டத்தான் படிக்குது. மூண்டாவது ஆள்தான் இல்லை. எங்கட ஊர்ப் பெடியளெல்லாம் லண்டனிலயும் பாரிஸிலயும் நிண்டு வாட்ஸப்பில கைதட்டுறாங்களே தவிர, சைக்கிள் மிதிக்க ஒருத்தனும் இல்லை.

அப்பதான் படலையில "மீற்றர்!"

"இந்த மாதம் வந்திட்டுப் போயிட்டியளெல்லோ அண்ணை?"

"இது மீற்றர் இல்லை ரீச்சர். ஓட்டத்துக்கு ஆள் தேடுறியளாம்."

அம்பது தாண்டின மனிசன். வண்டி வயிறு வேற. ஆனா வேற வழி? சரியெண்டு சொல்லிப்போட்டன்.

போட்டி நாள் காலமை ஒன்பது அணி வரிசையில நிண்டது. காரைநகர்ப் பெடியள் மூண்டு பேர் ஒரே நிறத்தில ரீசேட், கறுப்புக் கண்ணாடி. எங்கட பக்கம் நான் சீலையில இருந்து சல்வாருக்கு மாறி, றெஜினா புருசன்ர தொப்பியோட, மீற்றர் அண்ணை வேலைப் பையோட. "பை ஏன் அண்ணை?" எண்டு கேட்டன். "கைவீசிக்கொண்டு போனால் நாய்கள் என்ன நினைக்கும்?" எண்டார்.

முதல் கடதாசியில ஒரு விடுகதை. ஒரே வளவுக்குள்ள ரெண்டு கிணறு, ஆளில்லாத மாடி வீடு, கரம்பொன்னில தேடிப் பிடி எண்ட மாதிரி. மற்ற அணியள் கடைக்குக் கடை விசாரிச்சுக்கொண்டு நிக்க, மீற்றர் அண்ணை கண்ணை மூடினார். "விறாந்தையில இடக்கைப் பக்கம் மீற்றர். கண்ணாடி வெடிச்சது. வாங்கோ."

சொல்லி வைச்சாப்போல வீடு நிண்டது. முதலாவதா வந்தது நாங்கள்தான். ஆனா ஆளில்லாத அந்த வீட்டுப் படலையில நிண்டு எங்கட ஆள் தொடங்கிட்டார், "மீற்றர்!"

"ஐயோ அண்ணை, இருவது வருசமாப் பூட்டின வீடு!" எண்டு றெஜினா கத்தினா.

"அதுக்கு? ஆரோ ஒராளின்ர வளவுதானே பிள்ளை."

அவர் மூண்டாந்தரம் கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள காரைநகர்ப் பெடியள் மதில் பாஞ்சு அடுத்த கடதாசியை எடுத்துக்கொண்டு போயிட்டாங்கள்.

நாரந்தனையில தண்ணிக் குடம் சுமக்கிற போட்டி. சிந்தாமல் நூறு யார் தூரம் நடக்கவேணும். பெடியள் தலையில வைச்சு, தோளில வைச்சு, ஒருத்தன் கட்டிப் பிடிச்சுக்கொண்டு, எல்லாரும் குளிச்சு முடிஞ்சாங்கள். நான் இடுப்பில வைச்சுக்கொண்டு கதைச்சுக்கொண்டே நடந்து முடிச்சன். நாளும் சுமக்கிறவளுக்கு உது ஒரு போட்டியே? வேலணையில சிக்குப்பட்ட வலையைப் பிரிக்கிற வேலை. றெஜினா அதைத் தொட்டதும் தெரியாது, பிரிச்சதும் தெரியாது. வலை வைச்சிருந்த பெடியன் வாயைப் பிளந்துகொண்டு நிண்டான். நாங்கள் திரும்பவும் முதலாம் இடம். பின்னால தம்பிராசாவோட சேத்து ஆறு நாய். எங்களை முந்த வந்த சைக்கிளெல்லாம் நாய்களுக்கு வழிவிட்டுப் பிறகால நிண்டது. அந்தப் பெருமையில எனக்கு மூச்சு வாங்கினதுகூடத் தெரியேல்லை.

தாம்போதி தொடங்கிற இடத்தில கடைசிக் கடதாசி. தாம்போதியில எத்தினை கரண்டுக் கம்பம் நிக்குது எண்டு எண்ணிக்கொண்டு அந்தக் கரைக்கு வரவேணும். பிழையான விடை கொண்டுவாற அணி திரும்பிப் போய் எண்ணவேணும்.

"இவ்வளவுதானோ!" எண்டு நான் பெடலை மிதிச்சன். திரும்பிப் பாத்தால் மீற்றர் அண்ணை சைக்கிளால இறங்கி, உருட்டிக்கொண்டு போய், முதல் கம்பத்தைக் கையால தொட்டு, "ஒண்டு" எண்டுறார்.

"சைக்கிளில இருந்துகொண்டே எண்ணலாம் அண்ணை!"

"பாக்காமல் எழுதமாட்டன் ரீச்சர்."

"பாத்துக்கொண்டுதானே போறம்!"

"போய்க்கொண்டு பாக்கிறது பாக்கிறதில்லை."

வெயில் எண்டால் அப்பிடி ஒரு வெயில். ரெண்டு பக்கமும் கடல், ஒதுங்க ஒரு நிழலில்லை. அவர் கம்பம் கம்பமாத் தொட்டுத் தொட்டுப் போறார். காரைநகர்ப் பெடியள் மணியடிச்சுக்கொண்டு எங்களைக் கடந்து போனாங்கள். ஒருத்தன் கையும் காட்டினான். என்ர கண்ணுக்கு முன்னால அந்தத் தாங்கி உருண்டு உருண்டு காரைநகருக்குப் போற மாதிரி இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில நடுத் தாம்போதியில நிண்டு அழுதுகொண்டு பேசிப்போட்டன்.

"உங்களுக்கு விசரோ அண்ணை? பத்தொன்பது பிள்ளையளின்ர தண்ணியை உந்தக் கம்பத்தில கட்டிப்போட்டு நிக்கிறியள்! உங்களைச் சேத்ததே நான் செய்த பிழை!"

அவர் திரும்பிப் பாக்கேல்லை. "நாப்பத்தொண்டு" எண்டார்.

அந்தக் கரைக்குப் போய்ச் சேர, காரைநகர்ப் பெடியளின்ர தலைவன்ர கழுத்தில மாலை விழுந்திட்டுது. அவங்கள் சொன்னது எழுபத்தேழு. நடுவர் கையில வைச்சிருந்த விடையும் எழுபத்தேழு. மீற்றர் அண்ணை தன்ர துண்டை நீட்டினார். எழுபத்தெட்டு.

நடுவர் கனடாவிலயிருந்து வந்த பெடியன். வெள்ளைச் சப்பாத்து, நல்ல மரியாதை. "சொறி அங்கிள். விடை பிழை. ரெண்டாம் பரிசு பத்துப் பிளாஸ்ரிக் கதிரை இருக்கு. திரும்பிப் போய் எண்ணத் தேவையில்லை, திருத்தி எழுதித் தந்தால் அதை உங்களுக்குத் தரலாம். மற்ற அணியள் இன்னும் வேலணையில வலையோட நிக்குது."

"தம்பி, நீங்கள் எண்ணினனீங்களோ?"

"ஓம் அங்கிள். வான் ஓட்டிக்கொண்டு போய் ரெண்டு தரம்."

"வான்ல." மீற்றர் அண்ணை பையை இறக்கி வைச்சார். "இறங்கேல்லை. சரி வாங்கோ, இப்ப நடந்து எண்ணுவம். நான் பிழையெண்டால் எங்கட அணியையே வெட்டிவிடுங்கோ."

றெஜினா தலையில கைவைச்சா. "அண்ணை, எங்களை ஒரு சொல்லுக் கேக்கக் கூடாதோ?"

நடுவர் என்னைப் பாத்தார். அணித் தலைவி நான்தானே. பத்துக் கதிரையும் எங்களுக்குத் தேவைதான். பிள்ளையள் பாயில இருந்துதான் எழுதுதுகள். ஒரு எட்டை ஏழாக்கினால் முடிஞ்சுது. நான் மீற்றர் அண்ணையைப் பாத்தன். முகம் கறுத்து, உள்ளங்கை முழுக்கக் கம்பத்துத் தூசி. இந்தக் கைக்கு மேல நான் ஆரை நம்புறது?

"நடப்பம்" எண்டன்.

பிறகென்ன, ஊர்வலம்தான். முன்னால மீற்றர் அண்ணை, பக்கத்தில நடுவர், மாலையோட காரைநகர்த் தலைவன், பின்னால சனம், சைக்கிளை உருட்டிக்கொண்டு நாங்கள், ஆறு நாய். "எந்த இடமெண்டு சொன்னால் நேர அங்க போகலாமே அங்கிள்?" எண்டார் நடுவர். "சொன்னால் அதை மட்டும் பாப்பியள். முழுக்க எண்ணுங்கோ" எண்டார் இவர். இருவதாவது கம்பத்தில வெள்ளைச் சப்பாத்து கடிக்கத் தொடங்கினது. முப்பதாவதில நடுவர் சப்பாத்தைக் கழட்டிக் கையில எடுத்திட்டார். எண்ணினது காரைநகர்த் தலைவன். நல்ல உரத்த குரல் அவனுக்கு.

முப்பத்தேழு எண்டு சொல்லிப்போட்டு அடுத்த கம்பத்துக்குப் போனவன், பாதி வழியில நிண்டான். மீற்றர் அண்ணை பிறகால நிண்டு தண்ணி குடிச்சுக்கொண்டிருந்தவர். பெடியன் மேல பாத்தான். கம்பியைப் பாத்துக்கொண்டே மெல்ல றோட்டைக் கடந்து மற்றப் பக்கம் போனான். எல்லாக் கம்பமும் ஒரே பக்கமா நிக்குதெண்டுதானே நாங்கள் நினைச்சது? அங்க கம்பி றோட்டைத் தாண்டிப் போய், திரும்பி வருது. பெடியன் கண்டல் பத்தையை ரெண்டு கையாலும் விலத்தினான். உள்ளுக்கு ஒரு கம்பம் நிக்குது, கொடி சுத்தி, பத்தையோட பத்தையா. நான் அழுதுகொண்டு பேசேக்கை மீற்றர் அண்ணை நாப்பத்தொண்டு எண்டு தொட்டது இதைத்தான், ஆத்திரத்தில எங்கட கண்ணில அது படேல்லை.

அவன் அதில கையை வைச்சான். வைச்சுப்போட்டுத் தொண்டை கிழியக் கத்தினான்.

"முப்பத்தெட்டு!"

சனம் போட்ட சத்தத்துக்கு நாய்களும் ஊளையிட்டுது. நான் றெஜினாவைக் கட்டிப் பிடிச்சன். வேலணைக் கரைக்குப் போய்ச் சேர எழுபத்தெட்டு. பெடியன் தன்ர கழுத்து மாலையைக் கழட்டி மீற்றர் அண்ணையின்ர கழுத்தில போட்டான். "நாங்கள் கம்பத்தைத்தான் பாத்தனாங்கள் அண்ணை, கம்பியைப் பாக்கேல்லை" எண்டான். வெறுங்காலோட நிண்ட நடுவர் தன்ர விடைத்தாளைக் கிழிச்சு, எல்லாருக்கும் கேக்க எங்கட ஊர்ப் பேரைச் சொன்னார். நாரந்தனை எண்ட சொல்லு அவ்வளவு வடிவாய் இருக்குமெண்டு எனக்கு அண்டைக்கு வரைக்கும் தெரியாது.

ரெண்டு கிழமையில தாங்கி வந்து இறங்கினது. இப்ப பிள்ளையள் நினைச்ச நேரம் பைப்பைத் திறந்து, வயிறு முட்டக் குடிச்சு, மிச்சத்தை ஆளுக்காள் ஊத்தி விளையாடி, என்னட்டப் பேச்சு வாங்குதுகள். பேசுறனே தவிர, உள்ளுக்குள்ள எனக்குச் சந்தோசம்தான்.

ஆனா அண்டைக்குப் பின்னேரம் வீட்டை வரேக்கை நடந்ததையும் சொல்லவேணும். மாலையைக் கழட்டாமல் மீற்றர் அண்ணை முன்னால சைக்கிளில போறார். நான் எட்டி மிதிச்சுப் பக்கத்தில போனன்.

"அண்ணை, தாம்போதியில வாய்க்கு வந்தபடி பேசிப்போட்டன். மனசில வைச்சிருக்காதேங்கோ."

"பேசினனீங்களோ? நான் எண்ணிக்கொண்டெல்லோ இருந்தனான் ரீச்சர். ஒண்டும் கேக்கேல்லை."

அது பொய். அடுத்த கம்பத்தில நாப்பத்திரண்டு எண்டு சொல்லேக்கை அவற்ர குரல் உடைஞ்சது எனக்குக் கேட்டது. நான் சைக்கிளை அவருக்குப் பின்னால விட்டன். றோட்டில வந்த பஸ், ஓட்டோ, மாட்டு வண்டில் எல்லாத்தையும் மறிச்சு, உந்தா போறாரே, அவர் எங்கட ஆள் எண்டு சொல்லவேணும் போல இருந்தது.