சாவிக்காரர் பேசிய ஒரு வசனம்

நேற்று எங்கள் அடுக்குமாடி லிஃப்ட்டில் யாரோ ஒரு சாவிக்கொத்தைத் தவறவிட்டார்கள். இரும்பு தரையில் விழுந்து கலகலத்த அந்த ஓசையில் நான் இறங்க வேண்டிய தளத்தைக் கோட்டைவிட்டேன். மூன்றாம் மாடி போனது, நான்காம் மாடி போனது, காரைக்குடி வந்துவிட்டது.

ஒரே காலைப்பொழுதில் ஒருவரை அடுத்தடுத்துத் திகைக்க வைத்துவிட்டு, தான் மட்டும் ஒரு பல்லைக்கூடக் காட்டாமல் நிற்கக்கூடியவர் இந்தப் பூமியில் ஒருவர்தான் உண்டு. பெயர் தெரியாது. கேட்டதற்கு, "எதுக்கு சார்? சாவிக்காரன்னு போட்டா தபாலே வந்துரும்" என்றார். இரண்டு பங்காளிகளுக்குச் சொந்தமான ஒரு பெரிய வீட்டின் நாற்பது அறைச் சாவிகளும் அவர் இடுப்பில் தொங்கின. அவர் வருவதற்கு முன்பே அவர் வரும் சத்தம் வந்து, திண்ணையில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து முடித்துவிடும்.

அந்த வீட்டுக்கு நான் போனதற்குக் காரணம் என் கால். போன வருடம் அது முறிந்து ஆறு வாரம் கட்டிலில் கிடந்தேன். வலி மாத்திரையைவிட அதிகமாக என்னைக் காப்பாற்றியது ஒரு பழைய டிவி நகைச்சுவைத் தொடர். விருந்துக்கு வந்த மாப்பிள்ளை ஊர் திரும்ப மறுக்கிறார், அவ்வளவுதான் கதை. முன்பு வாரம் தவறாமல் டிவியில் பார்த்ததை இப்போது போனில் மூன்று சுற்று பார்த்தேன். அதில் மாமனார் செருப்பும் கையுமாக மாப்பிள்ளையைத் துரத்துவார். மாப்பிள்ளை சமையற்கட்டுக்குள் பாய்ந்துவிடுவார். வந்த வேகத்தில் மாமனார் நேரே ஓடி, முற்றத்தின் நடுவில் ஆணியடித்த மாதிரி நிற்பார். ஓங்கிய கை இறங்கும். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போவார். எங்கள் வீட்டில் அந்த இடத்தில் சோறு புரையேறாதவர் கிடையாது.

நான் அதைப் பற்றி ஒரு சிற்றிதழில் நாலு பக்கம் எழுதியிருந்தேன். ஒரு மனிதனின் சினம் எங்கே சலித்துக் கருணையாகிறதோ அங்கேதான் அந்த முற்றத்தின் நடு இருக்கிறது என்று. ஒரு வாசகி கண்ணீர் வந்ததாகக் கடிதம் போட்டார். கால் கூடியதும், தொடரைப் படமெடுத்த வீட்டில் அந்த நடுவைப் பார்க்கக் கிளம்பிவிட்டேன்.

அரியக்குடி தாண்டி ஒரு தெருவில் ஆட்டோ நின்றது. திருப்பூரிலிருந்து காரில் வந்த கணவன் மனைவி இருவர் எனக்கு முன்பே வாசலில் காத்திருந்தார்கள். நான் அண்ணாந்து பார்த்தேன். தொடரில் வரும் யானை முகம் செதுக்கிய கதவு அங்கே இல்லை.

"அது நாட்டரசன்கோட்டையில இருக்கு சார்" என்றார் சாவிக்காரர்.

"மாமனார் தினமும் அந்தக் கதவைத் தொறந்துதானே உள்ள வருவாரு?"

"தொறக்கிறது நாட்டரசன்கோட்டையில. உள்ள வாரது இங்க. நடுவுல பத்து நாளு."

எனக்கு நெஞ்சு ஒரு படி இறங்கியது. திருப்பூர் அம்மாள் விடவில்லை. "ஏனுங்கண்ணா, மாப்பிள்ளை விழுவாருல்லோ, அந்தக் கெணறு எங்கீங்க?"

"அது பிளைவுட்டும்மா. சிங்கம்புணரியிலருந்து ஆசாரி வந்து செஞ்சாரு. ரெண்டடி ஆழம். இப்ப எங்க வீட்டுல கோழி அடைக்கிறோம்."

அந்த அம்மாள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் கிணற்றுக்காக எத்தனை ராத்திரி பயந்திருக்கிறாராம்.

"சரி, சிரிங்க" என்றார் சாவிக்காரர்.

"என்னதுங்க?"

"இந்த எடத்துல ஊரே சிரிச்சுச்சு. வந்தவுக சிரிக்காமப் போனா எடத்துக்கு மரியாத இல்ல. சிரிச்சுட்டீகன்னா அடுத்த கதவத் தொறந்துருவேன்."

இதுதான் அவர் வழக்கம். காசு வாங்கமாட்டார். சிரிப்பு வாங்குவார். திருப்பூர்க்காரர் கடமைக்கு "ஹெஹ்" என்றதை ஏற்றுக்கொள்ளவில்லை. "இது காணாது" என்று சாவியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மூவரும் இல்லாத கிணற்றைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்த பிறகுதான் உள்கதவு திறந்தது.

வளவு. அங்கே நடுமுற்றத்தை அப்படித்தான் சொல்கிறார்கள். வெயில் மேலிருந்து ஒரு வெள்ளை வேட்டியைக் காயப்போட்ட மாதிரி இறங்கியிருந்தது. நான் நெகிழ்ந்துபோனேன். கண்ணை மூடிக்கொண்டு அந்த மாமனாரைப் போலவே நாலு எட்டு எடுத்து, நடுவில் போய் நின்றேன்.

"சாவி, அவுக வலது காலு நம்ம பங்குல நிக்கிது."

கண்ணைத் திறந்தேன். எதிர்ப்பக்கத் தாழ்வாரத்தில், சாய்வு நாற்காலியில், பேப்பருக்குப் பின்னால் ஒரு பெரியவர். இவ்வளவு நேரமும் அவரைத் தூண் என்று நினைத்திருந்தேன்.

"எடுத்துருங்க சார்" என்று சாவிக்காரர் என் காதருகே சொன்னார். "காலத்தான்."

எடுத்தேன். என்னை ஓரமாக இழுத்துப்போய் விளக்கினார். "அவுகதான் சின்னவுக. பெரியவுக மெட்ராஸ்ல இருக்காக. ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை கெடையாது. பெரியவுக ஏம் பங்குல படம் எடுத்துக்கங்கன்னுட்டாக. சின்னவுக, ஏம் பங்குச் செங்கல் ஒண்ணுகூட டிவியில தெரியக் கூடாதுன்னு எழுதி வாங்கிட்டாக. தெனம் காலையில நாந்தான் நடுவுல சுண்ணாம்புக்கோடு போடுவேன். மாமனாரா நடிச்சவரு வேகமா ஓடியாருவாரு. கோட்டக் கண்டதும் நின்னுருவாரு."

"அந்தத் துண்டால மொகத்தத் தொடைக்கிறது?"

"சின்னவுக இந்தா இப்ப ஒங்களப் பாத்தாகளே, அப்படிப் பாப்பாக. யாருக்கும் வேர்க்கும்ல."

நாலு பக்கம். ஒரு வாசகியின் கண்ணீர். நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். சாவிக்காரர் சற்றும் இரக்கமில்லாமல், "இங்க சிரிக்கணும் சார்" என்றார்.

பிறகு ஒவ்வோர் இடமாகக் காட்டினார். எந்தத் தூணில் எந்தக் காட்சி என்று அவர் ஆரம்பித்தால் நான் முடித்தேன். "சாருக்கு அம்புட்டும் மனப்பாடம்" என்று திருப்பூர்க்காரர்களிடம் என்னைப் பெருமையாகக் காட்டினார். அந்தப் பெருமைதான் என்னைக் கடைசியில் மாட்டிவிட்டது.

கடைசித் தூணருகே அவர் நின்றார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். குரல் மாறியது.

"இந்த எடத்துலருந்து நடந்து வந்துதான் நான் வசனம் பேசுனேன். 'ஐயா, மாப்பிள்ளை பெட்டியக் கட்டிட்டாரு.' அம்புட்டுத்தான். ஆனா செட்டே கைதட்டுச்சு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தத் தொடரில் எந்தக் காக்கை எந்தக் காட்சியில் கரையும் என்பதுவரை எனக்குத் தெரியும். அப்படி ஒரு காட்சி இல்லவே இல்லை.

திருப்பூர்க்காரர் போனை எடுத்தார். "எத்தனாவது பாகமுங்க? போட்டுப் பாத்தறலாமுங்க." போனை உயர்த்தினார், தாழ்த்தினார். அந்தச் சுவர்களுக்குள் சிக்னல் நுழையவில்லை. "வெளியே போய்ப் பாக்கறனுங்க. நம்பரு மட்டும் சொல்லுங்க."

சாவிக்காரர் முகத்தில் எதுவும் அசையவில்லை. இடுப்பில் மட்டும் சாவிகள் மெல்ல நடுங்கின. மனைவி கணவனை ஒரு மாதிரி பார்த்தார். இவ்வளவு நேரமும் இந்த மனுஷன் சொன்னதெல்லாம் அளப்புதானோ என்கிற பார்வை அது. சாவிக்காரர் அதைப் பார்த்துவிட்டார். பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"அம்புட்டும் பாத்தவுக சார்தான். சாருகிட்டயே கேளுங்க."

மூன்று ஜோடிக் கண்கள் என்மேல் நின்றன. இல்லை, நான்கு. எதிர்த் தாழ்வாரத்தில் பேப்பர் ஓர் அங்குலம் இறங்கியிருந்தது.

"பாத்திருக்கேனே" என்றது என் வாய். எனக்கே அதிர்ச்சி. "டிவியில வந்துச்சு. நெட்டுல ஏத்துறப்ப நீளம் அதிகம்னு வெட்டிட்டாங்க. அதனால போன்ல தேடினாக் கெடைக்காது."

"அட, அப்படீங்களா" என்று திருப்பூர்க்காரர் போனைப் பையில் போட்டார். அவர் மனைவி உடனே சாவிக்காரரோடு நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டார். பேப்பர் மெதுவாக மேலே ஏறியது. சாவிக்காரர் எங்களைச் சிரிக்கச் சொல்லக்கூட மறந்து, அவசரமாகக் கதவுகளைப் பூட்டினார்.

கார் கிளம்பிப் போனது. அவர் என் ஆட்டோவரை கூடவே வந்தார். பாதி வழியில் நின்றார்.

"சார், அந்த சீன் வரவே இல்ல."

நானும் நின்றேன்.

"கடைசி நாளு அது. நாப்பது நாளா கோட்டத் தாண்டாதீக, தாண்டாதீகன்னு ஊரையே வெரட்டுனவன் நான். கேமராவப் பாத்ததும் ஏங் காலு நிக்கல சார். வசனத்தப் பேசிக்கிட்டே ரெண்டு எட்டு அங்குட்டுப் போயிட்டேன். சின்னவுக எந்திரிச்சு வந்து எழுதி வாங்குன கடுதாசியக் காட்டுனாக. டைரக்டரு, இது வேணாம், எடுத்துருங்கன்னுட்டாரு. திரும்ப எடுக்க வெளிச்சம் இல்ல."

"அப்புறம்?"

"ஒருவேள வச்சிருப்பாகளோன்னு வாராவாரம் பாத்தேன். கடைசி வாரம் மக வீட்டுச் சம்பந்திகள எல்லாம் கூப்பிட்டு ஒக்கார வச்சு, பணியாரமெல்லாம் சுட்டுக் குடுத்து... வரல. அன்னைக்குச் சம்பந்திக மொகத்துல முழிச்சதுலருந்து, வர்றவுக எல்லாருட்டயும் வந்துச்சுன்னுதான் சொல்லுறேன். அப்படியான்னு கேட்டுட்டுப் போயிருவாக. பாத்தேன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான்."

பொய் சொல்லிப் பிடிபட்டவன் நானா அவரா என்று எனக்கு விளங்கவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டுமா, கூடாதா என்றும் தெரியவில்லை. ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். ஏறி உட்கார்ந்தேன். வண்டி உறுமியது. சாவிக்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை உள்ளே நீட்டினார். அவர் குரல் இவ்வளவு சின்னதாக ஆகுமென்று நான் நினைத்திருக்கவில்லை.

"எப்படி சார் பண்ணிருந்தேன்? வீட்டுல சிரிச்சாகளா?"

ஆட்டோ நகர்ந்தது. நான் தலையை வெளியே நீட்டிச் சொன்னேன்:

"திரும்பப் போட்டப்ப, பக்கத்து வீட்டுக்காரங்களையும் கூப்பிட்டு வச்சுப் பாத்தோம்ணே."