கஸ்பருக்கு ஒரு ஜன்னலோரம்

வியாழக்கிழமை கிளம்ப முடியாது என்று வ்ரேனி கையை விரித்துவிட்டாள். அன்றைக்கு அவள் துணி துவைக்க வேண்டுமாம்.

"அடுத்த நாள் துவைச்சுக்கிட்டா என்ன?" என்பது கஸ்பருக்கு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டார். வ்ரேனி குடியிருக்கும் கட்டடத்தில் வீடுகள் பல, சலவை அறை ஒன்றே ஒன்று. அவளுடைய முறை வியாழன். சுவிட்சர்லாந்தில் மனிதன் கடவுளோடுகூட வழக்காடலாம், சலவை அறை முறையோடு வழக்காட முடியாது.

"சரி, வெள்ளிக்கிழமை கிளம்புவோம்" என்றார்.

'கரடி' விடுதியின் பின்னறையில் நீள மேசையைச் சுற்றி ஓபர்பாக் கிராமத்தின் அறுபத்துநாலாம் வருஷக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே ஊரில் ஒரே வருஷம் பிறந்தவர்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை சேர்ந்து ஒரு பயணம் போவது அந்தப் பக்கத்து வழக்கம். இந்த வருஷம் அறுபது வயது என்பதால் கூட்டம் கொஞ்சம் அதிகம். கல்யாணமாகி வெளியூர் போனவர்கள், முடியை இழந்தவர்கள், பல் செட் கட்டிக்கொண்டவர்கள் என்று எல்லாரும் வந்திருந்தார்கள். முகத்தைப் பார்த்ததும் பெயர் ஞாபகம் வருவது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

கஸ்பர் அந்த ஊரில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். இதற்கு முந்தைய பயணங்களுக்கெல்லாம் ஏற்பாடு செய்தவரும் அவர்தான். அதனால் எந்தப் பயணத்திலும் அவர் எதையும் பார்த்ததில்லை. மற்றவர்கள் ஏரியைப் பார்த்தபோது அவர் டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் பனிமலையைப் பார்த்தபோது எர்வின் எந்தக் கழிவறையில் இருக்கிறான் என்று தேடிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை ஏற்பாட்டை ஏற்றுக்கொள்ளும்போதே ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: போவது பெர்னினா கணவாய். கண்ணாடிக் கூரை போட்ட பெட்டியில் அவருக்கு ஒரு ஜன்னலோர இருக்கை.

"அவ்வளவு ஆசைன்னா நீ மட்டும் தனியாப் போயிட்டு வாயேன்" என்று மனைவி லீலோ சொல்லிப் பார்த்தாள். அவளுக்கு ரயில் வளைந்தாலே குமட்டும்.

"தனியாப் போனா 'அங்க பாரு, அங்க பாரு'ன்னு யாருகிட்டச் சொல்றது?" என்றார் கஸ்பர்.

திட்டம் எளிமையானது. பொன்ட்ரெசினாவில் இரண்டு ராத்திரி தங்கல். போகிற வழியில் லாண்ட்வாசர் பாலம். மறுநாள் கணவாயைத் தாண்டி இத்தாலிக்குள் தீரானோ வரை போய், மத்தியானம் அங்கே சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது. கடைசி நாள் கம்பிவடத்தில் இழுத்து மேலேற்றும் ரயிலில் மலையுச்சி. கஸ்பர் வரைபடத்தை விரித்து இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் கதவைத் திறந்துகொண்டு பச்சைக் கோட்டு போட்ட ஒரு பெண் வந்தாள்.

"நேரமாயிடுச்சு, மன்னிச்சுக்குங்க. நான் மார்லிஸ்" என்றபடி மேசையைச் சுற்றி வந்து ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் குலுக்கினாள்.

"அட, மார்லிஸ்!" என்றான் எர்வின்.

"மார்லிஸ், எவ்வளவு நாளாச்சு!" என்றாள் வ்ரேனி.

கஸ்பரும் "வா வா" என்றார். யார் என்று சுத்தமாகப் பிடிபடவில்லை. அவள் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வரைபடத்தை எட்டிப் பார்த்தாள்.

"இந்தப் பாலம் ரொம்ப உயரமோ?"

"உயரம்தான். அதுதானே அழகு" என்றார் கஸ்பர்.

"எனக்குத் தலை சுத்தும்" என்றாள் மார்லிஸ்.

அதுவரை யாருக்கும் தலை சுற்றியதில்லை. அவள் சொன்ன பிறகு வ்ரேனிக்கு லேசாகச் சுற்றும் என்று தெரியவந்தது. எர்வினுக்குப் போன வருஷம் ஏணியில் நின்றபோது சுற்றியிருக்கிறது. விடுதிக்காரர் கொண்டுவந்து வைத்த பன்றித் தொடைக்கறித் தட்டு காலியாவதற்குள் பாலம் போய்விட்டது. பதிலாக, க்ளோஸ்டர்ஸ் பக்கம் மலையைக் குடைந்து போட்ட நீளச் சுரங்கத்தின் வழியாகப் போவதென்று முடிவானது. சுரங்கத்தில் உயரம் என்கிற தொந்தரவே இல்லை.

'போகட்டும், கணவாய் இருக்கிறது' என்று கஸ்பர் மனதைத் தேற்றிக்கொண்டார்.

மறுநாள் ரயில் நிலையத்துக்குப் போனார். கவுன்ட்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"சனி, ஞாயிறு ரெண்டு நாளும் கண்ணாடிக் கூரைப் பெட்டி நிரம்பிடுச்சு. வியாழன் கிளம்பினா வெள்ளிக்கிழமை கணவாய்க்கு இடம் கெடைக்கும்."

"வியாழன் எங்கள்ல ஒருத்திக்குச் சலவை நாள்."

"அடடா. அப்ப ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள் அவள், மனதார.

ஆனால் சாதாரணப் பெட்டியில் சனிக்கிழமைக்கு இடம் இருந்தது. அதில் ஜன்னலை இறக்கிவிட்டு வெளியே தலையை நீட்டலாம் என்றும் அவள் சொன்னாள். கஸ்பருக்கு இது இன்னும் நல்லதாகப் பட்டது. அடுத்த கூட்டத்தில் உற்சாகமாக அறிவித்தார்.

"ஜன்னல் திறக்குமா?" எர்வின் கழுத்தைத் தடவிக்கொண்டான். "அப்ப எதிர்க்காத்து அடிக்குமேடா. என் கழுத்து என்னத்துக்கு ஆகும்?"

"சாத்தி வச்சுக்கலாம்டா."

"திறக்கிற ஜன்னலை எவனாவது திறக்கத்தான் செய்வான். எனக்குத் தெரியாதா?"

இந்தச் சண்டை ஓயும் முன் மார்லிஸ் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "கணவாய் ரெண்டாயிரம் மீட்டருக்கு மேலயா? டாக்டர் என்னை ரெண்டாயிரத்தைத் தாண்டக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்."

மேசையைச் சுற்றி ஒவ்வொருவருக்கும் ரத்த அழுத்தம் ஞாபகம் வந்தது. மாத்திரைப் பெயர்களைப் பரிமாறிக்கொண்டார்கள். எர்வினும் வ்ரேனியும் ஒரே மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்ததில் இருவருக்கும் அவ்வளவு சந்தோஷம்.

கஸ்பர் விடவில்லை. "முடியாதவங்க பொன்ட்ரெசினாவுலயே இருங்க. முடிஞ்சவங்க தீரானோ போயிட்டு சாயங்காலம் வந்துடறோம்."

"அதெப்படி?" என்று எல்லாரும் ஒரே குரலில் கேட்டார்கள். சேர்ந்து போவதற்குத்தானே பயணம்? கை தூக்கிப் பார்த்துவிடலாம் என்றான் எர்வின். அந்த ஊரில் குப்பைத் தொட்டியை எங்கே வைப்பது என்பதற்கும் கை தூக்கித்தான் முடிவெடுப்பார்கள். தூக்கினார்கள். கணவாய்க்கு ஆதரவாக எழுந்த ஒரே கை கஸ்பருடையது. அதையும் அவர் தலையைச் சொறிவதுபோல இறக்கிக்கொண்டார். கம்பிவட ரயில் ஏறும் உச்சியும் இரண்டாயிரத்தைத் தாண்டுவதால் அதையும் கையோடு அடித்துவிட்டார்கள். பதிலுக்கு ஒரு நாள் பொன்ட்ரெசினாவில் காலாற நடப்பது, இன்னொரு நாள் திரும்பும் வழியில் சலுகை விலைக் கடைகளைப் பார்ப்பது. கடைகளுக்கு மட்டும் எல்லாக் கைகளும் எழுந்தன.

வீட்டுக்கு வந்து கஸ்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் விழுந்தார். நடந்ததையெல்லாம் அழாத குறையாகச் சொன்னார்.

"யாரு அந்த மார்லிஸ்?" என்று கேட்டாள் லீலோ.

"பேக்கரிக்காரர் பொண்ணுன்னு நினைக்கிறேன்."

"அவ பேரு உர்சுலா."

"அப்ப பால் பண்ணை வீட்டுப் பொண்ணா இருக்கும்."

"அந்த வீட்டுல மூணும் பசங்க. பேசாம அவகிட்டயே கேட்டுடேன்."

"எப்படிக் கேக்கறது? சின்ன வயசுல இருந்து ஒண்ணா வளர்ந்துட்டு, 'நீ யாரு'ன்னா கேப்பாங்க? மூஞ்சியில அடிச்ச மாதிரி இருக்காதா?"

அதனால் எர்வினைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தார். "மார்லிஸைப் பாத்தியா, நல்லா இருக்கால்ல?"

"ஆமாடா. கொஞ்சம்கூட மாறல" என்றான் எர்வின்.

அப்படியானால் தனக்குத்தான் ஞாபக மறதி வந்துவிட்டது என்று கஸ்பர் பயந்துபோனார். அந்தக் குற்ற உணர்ச்சியில் மார்லிஸுக்கே போன் போட்டார். அவளை எப்படியாவது தாஜா பண்ணிவிட்டால் மற்றவர்களும் இறங்கி வருவார்கள், கணவாயை மீட்டுவிடலாம் என்று ஒரு கணக்கு.

"மார்லிஸ், பெர்னினாவுக்குச் சரின்னு சொல்லேன். என் ஜன்னல் சீட்டையே உனக்குத் தந்துடறேன்."

"ஐயோ, உயரம் ஆகாதே கஸ்பர். ஆனா ஜன்னல் சீட்டு தர்றேன்னு சொன்ன பாரு, நல்ல மனசு. போகும்போது நான் அதுல உக்காந்துக்கறேன். ரயில் போற பக்கம் பாத்த மாதிரி இருக்கணும், என்ன? பின்னாடி பாத்து உக்காந்தா எனக்கு ஒத்துக்காது."

இப்படியாக, சுரங்கத்துக்குள் போகும் ரயிலில்கூட கஸ்பருக்கு ஜன்னல் இல்லாமல் போயிற்று.

வெள்ளிக்கிழமை கிளம்பினார்கள். வானம் துடைத்துவிட்டதுபோல நீலமாக இருந்தது. அதைப் பார்க்கக் கஸ்பருக்கு வயிறு எரிந்தது. தலைகளை எண்ணினார். டிக்கெட்டுகளைக் காட்டினார். எர்வினை வேறு பெட்டியிலிருந்து இழுத்து வந்தார். ஒருவழியாக மார்லிஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு விட்டபோது ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்தது. ஜன்னலில் ஒரே கும்மிருட்டு. மார்லிஸ் அதில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

இனி இழப்பதற்கு என்ன இருக்கிறது என்று கஸ்பருக்குத் தைரியம் வந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காத மார்லிஸ். எனக்கு வயசாயிடுச்சு, ஞாபகம் நிக்கறதில்ல. நீ நம்ம ஊர்ல எந்த வீடு?"

"நான் உங்க ஊரே இல்லையே" என்றாள் அவள் சாதாரணமாக. "பக்கத்து ஊர் நீடர்பாக். நாங்களும் அறுபத்துநாலுதான். அன்னிக்கு எங்க கூட்டம் முன்னறையில. நான் கதவு மாறி வந்துட்டேன். எல்லாருக்கும் கை குடுத்து முடிச்சப்புறம்தான் தெரிஞ்சுது."

கஸ்பர் அவள் பக்கம் திரும்பினார். "அப்ப உங்க ஆளுங்க?"

"அவங்க நேத்தே கிளம்பிட்டாங்க. இந்நேரம் பெர்னினா மேல போயிட்டிருப்பாங்க, கண்ணாடிக் கூரைப் பெட்டியில. உடம்பு சரியில்லைன்னு சொல்லி டிக்கெட்டையெல்லாம் ஒருத்தன் கையில திணிச்சுட்டு வந்துட்டேன். பாவம், அவன்தான் இப்ப நடுவுல நின்னு தலை எண்ணிக்கிட்டிருப்பான்."

"டிக்கெட் எப்படி உன் கையில…" கஸ்பர் பாதியில் நிறுத்தினார். "அப்ப அந்தத் தலைசுத்தல்? ரெண்டாயிரம் மீட்டர்? டாக்டர் சொன்னது?"

மார்லிஸ் அவர் கையைப் பிடித்து வாஞ்சையோடு குலுக்கினாள்.

"எதுவும் என்னோடது இல்ல கஸ்பர், இருபது வருஷமா எங்க ஆளுங்களுக்கு ஏற்பாடு பண்ற எங்கிட்ட அவங்க சொன்னதுதான் எல்லாம், சாகறதுக்குள்ள ஒரு தடவையாவது நானும் சொல்லிப் பாக்கணும்னு ஆசையா இருந்துச்சு!"