தவளைக்கும் மானுக்கும் என்ன வித்தியாசம்?

ஒரு நிமிஷம்கூடச் சும்மா நிற்கத் தெரியாத மனிதர் உலகத்தில் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் தவளை பாய்தான். டீயைக்கூட நடந்துகொண்டேதான் குடிப்பார். பாதி வாய்க்கு, பாதி சட்டைக்கு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் மயிலாப்பூரில் ஒரு கல்லூரி விடுதியில் தங்கி இன்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்தேன். பாய் கல்லூரியின் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் அட்டெண்டர். வேளச்சேரி ஏரியில் தவளை பிடித்து ஈரச் சாக்கில் கட்டிக்கொண்டு வருவார். குளோரோபாரம் காட்டி, மெழுகுத் தட்டில் மல்லாத்தி, நாலு காலிலும் ஊசி குத்தி, நாங்கள் அறுப்பதற்கு வரிசையாக வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். பதினைந்து வருஷமாக இதே வேலை. ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

அந்த வருஷம் ஒரு ஜமீன்தார் கல்லூரிக்கு ஒரு நாற்கொம்பு மானை அனுப்பிவைத்தார். ஆட்டுக்குட்டி உயரம்தான். தலையில் கட்டைவிரல் அளவில் நாலு கொம்பு. "சனிக்கிழமை வரைக்கும் பார்த்துக்கோ. அப்புறம் குளோரோபாரம் குடுத்து எலும்புக்கூடு பண்ணணும்" என்று புரொபசர் அதை பாயிடம் ஒப்படைத்தார்.

பாய்க்குத் தெரிந்ததெல்லாம் தவளைப் பராமரிப்பு. மான்மேல் ஈரச் சாக்கைப் போர்த்தினார். அது தும்மியது. வெட்டுக்கிளி பிடித்து நீட்டினார். அது வெட்டுக்கிளியை விட்டுவிட்டு அவர் உள்ளங்கையை நக்கியது. அன்றைக்கே மனுஷர் கவிழ்ந்துவிட்டார்.

"இத்த எப்டி தம்பி சாவடிக்கிறது?" என்று என்னிடம் வந்து, என்னையே இரண்டு சுற்று சுற்றினார்.

எனக்கு வாய்க்கொழுப்பு அதிகம். "தவளைக்கு ஒரு நியாயம், மானுக்கு ஒரு நியாயமா பாய்?" என்றேன்.

அவ்வளவுதான். அதன்பிறகு மணிக்கொரு தரம் விடுதி வாசலுக்கு வர ஆரம்பித்தார்.

"தம்பி, மானுக்கு ரத்தம் சூடா கீது."

"சில்லுன்னு இருந்தா அறுக்கலாமா?"

போனார். வந்தார். "மான் ஜாதி குட்டிக்குப் பால் குடுக்கும்."

"தவளை ஆயிரம் முட்டை போடுதே, அது சும்மாவா?"

வெள்ளிக்கிழமை மத்தியானம் சந்தோஷமாக ஓடிவந்தார். "மான் என்னிய அடையாளம் தெரிஞ்சிக்கிது தம்பி. தவளைக்கு அது தெரியாதுல்ல?"

"தெரிஞ்சுக்க நீங்க எங்கே பாய் நேரம் குடுத்தீங்க? வந்த மறுநாளே குளோரோபாரம்."

பாய் அப்படியே நின்றுவிட்டார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை மான் கட்டியிருந்த கொட்டகை காலி. முந்தின நாள் பிடித்த தவளைகள் கிடந்த ஈரச் சாக்கும் காலி.

"மான் எங்கே?" என்றார் புரொபசர்.

"கிண்டி காட்டுல வுட்டுட்டேன் சார். விடியறப்பவே தோள்ல தூக்கிக்கினு போனேன்."

"தவளை?"

"அதுங்களையும் ஏரில வுட்டுட்டேன். மானை மட்டும் வுட்டா நியாயமில்லன்னு..." சொல்லிக்கொண்டே பாய் என்னைப் பார்த்தார்.

"யார் சொன்னது?" புரொபசரும் என்னைப் பார்த்தார்.

நான் கையிலிருந்த மெழுகுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்தேன். கல்லூரியை விட்டுத் துரத்தினால் அப்பா முகத்தில் எப்படி விழிப்பேன்?

"யாரும் சொல்லல சார்" என்றார் பாய். "நானா நெனச்சிக்கினேன்."

அவர் வேலை போய்விட்டது. துணிப்பையோடு கிளம்பியவரை வாசலில் மறித்தேன். "நான் வேடிக்கைக்குத்தான் கேட்டேன் பாய்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"தெரியும் தம்பி. இன்னும் எதுனா கேக்கணும்னா இப்பவே கேட்டுடு. நாளைக்கு வந்து பதில் சொல்ல நான் இங்க இருக்கமாட்டேன்."

எனக்குக் கேட்க ஒன்றும் இல்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். விட மனசு வரவில்லை.