கடைக்குள் நாற்று விட்ட கதை

சாமி கும்பிடுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் நல்ல நேரத்தில் தொடங்கிவிட்டால் போதும், மிச்சத்தை மேலே இருக்கிறவர் பார்த்துக்கொள்வார் என்று நினைப்போம். அந்த வியாதி எனக்கு முற்றிப்போயிருந்த சமயத்தில்தான் திருவிடைமருதூரில் பியூட்டி பார்லர் வைக்கக் கடை தேடினேன்.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. படிப்பு எட்டாம் வகுப்பு. ஆறு மாதம் கும்பகோணம் போய்வந்து பியூட்டீஷியன் கோர்ஸ் முடித்திருந்தேன். (அந்த சர்டிபிகேட்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டு பூஜை அலமாரியில் வைத்திருந்தேன். தினமும் அதற்கும் சேர்த்தே சூடம் காட்டுவேன்.) சாய்கிற நாற்காலி ஒன்றும் ஆள் உயரக் கண்ணாடி இரண்டும் வாங்கியிருந்தேன். வைக்க இடமில்லாமல் அவை வீட்டுக் கூடத்தில் கிடந்தன. என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். டியூட்டி முடிந்து வந்ததும் அந்த நாற்காலியில் சாய்ந்து தூங்குவார். ஆவணியில் கல்யாணம் வைத்திருந்த நான்கு பெண்கள் என்னிடம்தான் அலங்காரம் என்று சொல்லியிருந்தார்கள். அதற்குள் கடை அமையாவிட்டால் அவர்கள் கும்பகோணத்துக்குப் போய்விடுவார்கள். நாற்காலியும் நிரந்தரமாக அவருடையதாகிவிடும்.

பெண்கள் கூச்சப்படாமல் ஏறி வரக்கூடிய இடத்தில் ஒரே ஒரு கடைதான் காலியாக இருந்தது. தையல்கடை சாந்தியக்கா கடைக்கு அடுத்தது. சொந்தக்காரர் ராமாமிர்தம் ஐயா. அவரைப் பற்றி இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும். ஒன்று, சாமி, சகுனம், பஞ்சாங்கம் எதையும் நம்பாதவர். கட்சி மேடையில் ஏறி அதைப் பற்றிப் பேசவும் பேசுவார். இரண்டாவது, ஊருக்கு வெளியே இருந்த தன் நிலத்தைக் குத்தகைக்கு விட்டு, குத்தகைக்காரர் பெயர் தாலுகா ஆபீஸில் பதிவாகி, அதன் பிறகு தன் வரப்பில் தானே விருந்தாளி மாதிரி நின்றவர். பதிவான குத்தகைக்காரரை எழுப்ப முடியாது என்ற சட்டத்தைக் கொண்டுவந்தது அவருடைய கட்சியே என்பதால் வெளியே சொல்லி அழவும் முடியவில்லை.

“பதினோரு மாசம். பன்னிரண்டாம் மாசம் நீங்க யாரோ, நான் யாரோ” என்றார், நான் உட்காருவதற்கு முன்பே.

“கண்ணாடி மாட்டணுங்க ஐயா. தண்ணிக் குழாய் இழுக்கணும். ஆணி அடிச்சு முடிக்கிறதுக்குள்ள பதினோரு மாசம் ஓடிடும். மூணு வருஷம் கொடுங்க.”

“மூணு வருஷம் ஒரு இடத்துல இருந்தா மனுஷனுக்கு வேர் விட்டுடும்மா. நான் பட்டவன்.”

விடவில்லை. மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். நான்காம் நாள் என் தலையைத் தெருமுனையில் பார்த்ததுமே சாவியை எடுத்து நீட்டிவிட்டார். “கூட்டிப் பெருக்கி அளவெடுத்துக்கம்மா. எத்தனை வருஷம்ங்கிறதை எழுதுறப்போ பேசிக்குவோம். பத்திரம் எழுதுற நடேசன் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைதான் வருவாரு.”

வீட்டுக்கு வந்து பஞ்சாங்கத்தைப் பிரித்தால், அது ஆடி முதல் வெள்ளி. ஆடியில் யாராவது புதுத் தொழிலுக்குக் கையெழுத்துப் போடுவார்களா? திரும்ப ஓடினேன். ஆனியிலேயே எழுதிவிடலாமா என்று கேட்டேன்.

“ஆடி என்னம்மா பண்ணும்? வந்து என் பேனாவைப் புடுங்குமா?”

அவருக்கு விளங்காது என்று விட்டுவிட்டேன். ஆனால் ஆனி முடிவதற்குள் ஏதாவது ஒன்றைத் தொடங்கியே தீருவது என்று வைராக்கியம் வந்துவிட்டது. அப்போதுதான் முளைப்பாரி ஞாபகம் வந்தது. மண்ணும் எருவும் நிரப்பி நவதானியம் விதைத்து, வெளிச்சம் படாமல் வைத்துத் தண்ணீர் தெளித்து வந்தால் பயிர் எழும். அது செழித்தால் நினைத்த காரியமும் செழிக்கும். முளைப்பாரிக்கு முதல் தேவை இருட்டு. எங்கள் வீட்டிலோ ஓட்டை இல்லாத ஓடே கிடையாது. ஷட்டர் போட்ட கடையைப் போல இருட்டு வேறெங்கே கிடைக்கும்? எங்கள் ஊர் மகாலிங்கசாமியே காட்டிய வழி என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

மண்சட்டி வாங்கப் பொறுமையில்லை. வாடிக்கையாளர்கள் கால் ஊறவைப்பதற்காக வாங்கி வைத்திருந்த பிளாஸ்டிக் பேசின்கள் ஐந்து இருந்தன. ஐந்திலும் விதைத்தேன். அப்பா கொடுத்தனுப்பிய விதைநெல் கைவசம் இருந்ததால் நெல் மட்டும் தாராளமாக விழுந்தது.

“அக்ரிமெண்ட் போடாம அடுத்தவங்க கடையில விதைக்கிறியே, செல்வி” என்றார் வீட்டுக்காரர், நாற்காலியில் சாய்ந்தபடி.

“விதைக்கலைங்க. வேண்டிக்கிறேன்.”

வெள்ளிக்கிழமை வந்தது. வெற்றிலை பாக்குத் தட்டோடு நான் நின்றேன். ராமாமிர்தம் ஐயா வந்தார். கூடவே முத்திரைத்தாளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடேசன் வந்தார். ஐயாதான் ஷட்டரைத் தூக்கினார்.

முதலில் எருவாசனை வந்தது. அப்புறம் வெளிச்சம் உள்ளே போனது. கடை நடுவில் ஐந்து பேசின்களில், சாண் உயரத்துக்குத் தளதளவென்று வெளிர்மஞ்சளில் பயிர் நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஐயாவுக்கும் கலங்கியது. காரணம்தான் வேறு.

நடேசன் குனிந்து தொட்டுப் பார்த்தார். “நாத்து நல்லா வந்திருக்குங்க. இன்னும் ரெண்டு வாரத்துல பறிச்சு நட்டுடலாம்.”

“நாத்து விட்டுட்டாங்கய்யா” என்றார் ஐயா, யாரிடம் என்றில்லாமல். “அவனும் இப்படித்தான் ஆரம்பிச்சான்.”

“சாகுபடி பண்றவரைச் சட்டப்படி எழுப்ப முடியாதுங்க. நம்ம ஆட்சியில வந்ததுதானே” என்று நடேசன் எடுத்துக் கொடுத்தார்.

அந்த நேரத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவருக்கு நம்பிக்கை கொடுக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது.

“நாங்க அப்படிப்பட்ட ஆளுங்க இல்லீங்க ஐயா. கீழ்வேளூர்ப் பக்கம் எங்கப்பாவை விசாரிச்சுப் பாருங்க. முப்பது வருஷமா ஒரே நிலத்துல குத்தகை. நிலத்துக்காரரே மூணு தடவை நேர்ல வந்து கேட்டாரு. எங்கப்பா அசையலையே.”

(நாங்கள் நிலையான குடும்பம் என்று சொல்ல நினைத்தேன். கடவுள் சாட்சி.)

ஐயா முத்திரைத்தாளை நடேசன் கக்கத்திலிருந்து தானே உருவித் தன் பையில் போட்டுக்கொண்டார். “இன்னைக்கே எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிடணும். ஒரு நெல்லு உள்ள இருக்கக் கூடாது. சாவியைச் சாந்திகிட்ட கொடுத்துடுங்க.” திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

அழுதேன். ஆனால் முளைத்த பாரியைக் குப்பையில் கொட்ட முடியாது. ஆற்றில்தான் கரைக்க வேண்டும். பேசின் ஒன்றைத் தலையில் ஏற்றினேன். மற்ற நான்கை சாந்தியக்காவும், அவரிடம் ரவிக்கை வாங்க வந்திருந்த மூன்று பேரும் பாவப்பட்டுத் தூக்கிக்கொண்டார்கள். காவிரியை நோக்கி நடந்தோம்.

ஆடி வெள்ளி. தலையில் முளைப்பாரி. முன்னால் போகிறவள் கண்ணில் தண்ணீர். பார்க்கிறவர்களுக்கு வேறென்ன தோன்றும்? வளையல்கடை வாசலில் ஒரு அம்மா குலவையிட்டார். பூக்காரி ஒரு முழத்தை என் பேசினைச் சுற்றிப் போட்டுவிட்டுக் கூடவே வந்தாள். யாரோ சூடம் ஏற்றினார்கள். “கூட வராதீங்க, இது கடை விவகாரம்” என்று தலையில் பாரத்தோடு திரும்பிச் சொல்லவும் முடியவில்லை. ஆற்றுப் பக்கம் திரும்பும்போது பின்னால் நாற்பது பெண்கள் இருந்தார்கள். ராமாமிர்தம் ஐயா வீடு அந்தத் தெருவில்தான்.

அவர் மனைவி கமலாம்மா மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு இறங்கி வந்து என் காலில் ஊற்றிக் கும்பிட்டார். “என்ன வேண்டுதலும்மா, இப்படி அழுதுக்கிட்டுப் போறே?”

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. “உங்க வீட்டு ஐயா கடை கொடுக்கணும்னு அந்தக் கடைக்குள்ளயே பாரி போட்டு வேண்டிக்கிட்டேங்கம்மா. இல்லை, அள்ளிட்டுப் போன்னுட்டாரு. அதான் கரைக்கப் போறேன்.”

குலவை நின்றது. நாற்பது தலைகளும் வாசல் பக்கம் திரும்பின.

“ஏங்க, கொஞ்சம் வெளியில வாங்க” என்றார் கமலாம்மா. ஐயா பேப்பரோடு வந்தார். “ஆடி வெள்ளியில முளைப்பாரியைக் கடையை விட்டு வெளியில போகச் சொன்னீங்களா?”

“அது முளைப்பாரியா? நாத்துன்னுல்ல நெனச்சேன்.”

“வருஷா வருஷம் இந்த வாசல் வழியாத்தான் போகுது. உங்க கொள்கையை உள்ள வச்சுட்டு ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தா அடையாளம் தெரிஞ்சிருக்கும்.”

ஐயா என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், பேப்பரை மடித்தார். “சரிம்மா. பதினோரு மாசம்.”

“மூணு வருஷங்க ஐயா.”

“ரெண்டு.”

“பாரி கனக்குதுங்க. ஆத்துக்குப் போகாம இறக்கி வைக்கக் கூடாது. நீங்க சொல்ற வரைக்கும் நிக்கிறேன்.”

பூக்காரி ஒரு குலவை விட்டாள். நாற்பது பேரும் சேர்ந்துகொண்டார்கள்.

“மூணு” என்றார் ஐயா, காதைப் பொத்திக்கொண்டு. “ஆனா ஒரு ஷரத்து நான் எழுதுவேன். அதுல ஒரு எழுத்து மாத்தக் கூடாது.”

திங்கட்கிழமை நடேசன் எழுதிக் கொடுத்ததில் எட்டாவது ஷரத்து இப்படி இருந்தது: ‘வாடகைதாரர் மேற்படி கடைக்குள் நெல், நவதானியம் முதலான எந்தப் பயிரையும் தொட்டியிலோ பேசினிலோ வேறு வகையிலோ சாகுபடி செய்யலாகாது.’ ஆடி மாதம்தான். மகாலிங்கசாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். ஆவணியில் நான்கு பெண்களும் என் நாற்காலியில்தான் உட்கார்ந்தார்கள்.

அதே கடையில்தான் இன்னமும் இருக்கிறேன். ஐயா காலமாகிவிட்டார். அவர் மகன் கம்ப்யூட்டரில் புது ஒப்பந்தம் அடித்துக் கொண்டுவருகிறார். எட்டாவது ஷரத்து மட்டும் அப்படியே இருக்கிறது. “அப்பா சொல்லிட்டுப் போயிருக்காருங்க” என்கிறார். என் மகள் அழகுக்காகக் கண்ணாடியோரம் ஒரு பாட்டிலில் கொடி வைத்தாள். அதைக் கூட வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டேன். கையெழுத்துப் போட்டது போட்டதுதான்.

வீட்டு ஓடுகளை மாற்றியாகிவிட்டதால், முளைப்பாரியை இப்போது வீட்டில்தான் போடுகிறேன். ஒவ்வொரு ஆனியிலும் நான் நவதானியத்தை ஊறப்போடுவதைப் பார்த்துவிட்டால், என் வீட்டுக்காரர் கேட்பது ஒரே கேள்விதான்:

“இந்த வருஷம் யார் கடை, செல்வி?”