மண்டையனுக்குப் பால்

மண்டையன் மல்லாந்து கிடந்தான்.

கருணாகரன் கண்ணாடித் தொட்டியைத் தட்டிப் பார்த்தார். கெஞ்சிப் பார்த்தார். "டேய், எழுந்துருடா" என்று அதட்டியும் பார்த்தார். நெற்றி புடைத்த அந்த வாஸ்து மீன் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்ததே தவிர, வாலைக்கூட ஆட்டவில்லை. தொட்டியிலிருந்து பிராந்தி வாசம் குப்பென்று வந்தது.

கொலைகாரர் அவரேதான். போன ஆடியில் அம்மன் கோயிலில் கற்பூரம் அடித்து, இனி குடிப்பதில்லை என்று மனைவி செல்லம்மாவுக்குச் சத்தியம் செய்தவர். மீறினால் எண்ணூரில் இருக்கும் அம்மா வீட்டுக்கே போய்விடுவதாக அவள் சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள். அரிசி டின், பரண், அவருடைய பூட்ஸ் எதையும் விடாமல் சோதனை போடுபவள், மீன் தொட்டிக்குள் மட்டும் கை விடமாட்டாள். மண்டையன் கடிப்பான். கருணாகரன் கையை மட்டும் கடிக்கமாட்டான். துறைமுகத்தில் சரக்கு இறக்கிவிட்டு அவர் வந்தால், கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு கூடவே நீந்துவான். அதனால் பொம்மைக் கோட்டைக்குப் பின்னால் கூழாங்கல்லில் புதைத்திருந்த குவாட்டருக்கு அவனே காவல். நேற்று அவசரத்தில் மூடியைச் சரியாகத் திருகவில்லை.

அழுகை வந்தது. அதைவிட வேகமாகப் பயம் வந்தது. தண்ணீரை மாற்றலாமென்றால் வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ராயபுரமே குடத்தோடு லாரிக்குத் தவம் கிடந்த வருடம் அது. செல்லம்மாவும் லாரிக்குத்தான் போயிருந்தாள்.

வாசலில் குடம் இறங்கும் சத்தம். பாதி மிச்சமிருந்த பாட்டிலை எடுத்து லுங்கி மடிப்பில் செருகி, சட்டையை மேலே இழுத்துவிட்டார்.

"இன்னாய்யா, மூஞ்சி பேஜாரா கீது?"

"மண்டையன் பூட்டான்ம்மே."

செல்லம்மா ஓடிவந்து தொட்டிமேல் குனிந்தாள். மூக்கு ஒருமுறை சுருங்கியது. அழப்போகிறாள் என்று கருணாகரன் நம்பினார்.

"நேத்து நல்லாத்தானே இருந்துச்சு?"

மண்டையனை விற்றவன் அளந்த கதை சமயத்தில் கைகொடுத்தது. "வாஸ்து மீனு சொம்மா சாவாதும்மே. வூட்டு ஆம்பளைக்கு வர்ற கண்டத்த அது வாங்கிக்கும். நேத்து ஹார்பர்ல கிரேன் கொக்கி அறுந்து என் தலைகிட்டயே வுழுந்துச்சு!"

"மெய்யாலுமா?"

"உம்மேல சத்தியமா."

"சத்தியம்லாம் வோணாம். உன் சத்தியம் எனக்குத் தெரியும்." முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "உனக்காவ உசுர வுட்டுகீது. இனிமே நீ மீனு துன்னக் கூடாது."

"எம்மாம் நாளு?"

"உசுரு குட்த்ததுக்கு நாளா எண்ணுறே?"

அடுப்படியில் வஞ்சிரக் குழம்பு மணந்தது. கருணாகரன் எச்சிலை விழுங்கிக்கொண்டு தலையாட்டினார். பிறகு ஒரு யோசனை. "நானே போய் காசிமேட்டாண்ட கடல்ல வுட்டுட்டு வந்துர்றேன்." மீனோடு பாட்டிலும் போய்ச்சேரும்.

"கடல்ல வுட்டா வேற மீனு துன்னுடும். பின்னால முருங்கை மரத்தாண்ட பொதைக்கலாம். நீ குழி தோண்டு."

குனிந்தால் பாட்டில் விழும். நெட்டுக்குத்தாக நின்றபடியே கடப்பாரையால் குத்தினார். வியர்வை கொட்டியது. பாட்டில் ஒவ்வொரு குத்துக்கும் கொஞ்சம் இறங்கியது.

"இன்னா, கம்பம் மாரி நிக்கிறே?"

"இடுப்பு புட்ச்சிக்கிச்சும்மே."

"புடிக்கும், புடிக்கும்."

செல்லம்மாவே மண்டையனை வாழையிலையில் சுற்றிக் குழிக்குள் வைத்தாள். கருணாகரன் தேம்பித் தேம்பி அழுதார். அந்த அழுகை நிஜம். அந்த வீட்டில் அவரைக் கடிக்காத ஒரே ஜீவன் அவன்தான்.

"பாலு ஊத்தணும்மே. பாலு கீதா?"

"பாலு எதுக்கு? இடுப்புல கீறத எடு."

கருணாகரன் லுங்கி மடிப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "எண்ணூருக்குப் பூடுவியாம்மே?"

"நா ஏன் போவணும்? வஞ்சிரம் முழுசும் இனிமே எனக்குத்தானே." கை நீட்டிக் குழியைக் காட்டினாள். "ஒரு சொட்டு மிச்சம் வெக்காம ஊத்து. கடைசியா அது குட்ச்சது அதானே."