ரவூப் போட்ட சர்பத் கணக்கு

அல்ஜீப்ரா பரீட்சையில் பாஸான நாளிலிருந்து ரவூப்பின் நடையே மாறிப்போயிற்று. துறைமுகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. தலை நரைக்க ஆரம்பித்த பிறகு மாலை வகுப்புக்குப் போய்த் தேறிய மனுஷர். ஃபேரர் பார்க் வட்டாரத்தில் எக்ஸைக் கண்டுபிடித்த ஒரே ஆள் தாம்தான் என்பது அவருடைய திடமான நம்பிக்கை. தேத்தண்ணீரில் பால் ஊற்றுவதைக் கண்டால்கூட, "கலவைக் கணக்கு!" என்று பரவசமாகிவிடுவார்.

அடுத்த வீட்டு ஜரீனாவின் மகளுக்கு நிக்காஹ் குறித்தார்கள். விருந்துக்கு ரோஜா சர்பத் தன் பொறுப்பு என்று ரவூப்பின் மனைவி பதுருன்னிசா வாக்குக் கொடுத்திருந்தாள். நிக்காஹுக்கு முதல் நாள் காலையில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"மச்சான், இருபது கேலன் வேணுமாம். இனிப்பு எப்படித்தான் சரியா வரும்? கூடினா திகட்டுதுன்னு சொல்வாங்க. குறைஞ்சா சாயத்தண்ணின்னு சிரிப்பாங்க."

"இதுக்கா கவலைப்படுறே? எக்ஸ் இருக்குல்ல!"

"ஐஸா? அது நாளைக்குத்தானே வரும்?"

"ஐஸ் இல்ல லா, எக்ஸ்! இங்க பாரு. கெட்டிப் பாகு ஒண்ணு. நூத்துக்கு நாப்பது பங்கு சீனி. தண்ணிப் பாகு ஒண்ணு. நூத்துக்கு எட்டு. நமக்கு வேண்டியது நூத்துக்குப் பதினாறு. கெட்டிப் பாகு எக்ஸ் கேலன்னு வச்சுக்க."

"வச்சுக்கிட்டேன்."

"அப்போ தண்ணிப் பாகு, இருபதுல எக்ஸ் போக மிச்சம்."

கரித்துண்டை எடுத்து அடுப்படிச் சுவரில் எழுதினார். நாற்பது எக்ஸ். இருபதில் எக்ஸைக் கழித்து எட்டால் பெருக்கு. இரண்டையும் கூட்டினால் முந்நூற்றிருபது. பெருக்கினார், கழித்தார், வகுத்தார். எக்ஸ் வசமாக மாட்டிக்கொண்டது.

"கெட்டிப் பாகு அஞ்சு கேலன், தண்ணிப் பாகு பதினஞ்சு. முடிஞ்சுது!"

பதுருன்னிசா வாயில் கை வைத்தாள். "ஏன் மச்சான், நேரா ஒரே பாகாக் காய்ச்சினா ஆகாதா?"

"அப்புறம் எக்ஸ் எங்க வரும்?"

"அதுவும் சரிதான்." பெருமூச்சு விட்டாள். "ஆனா நான் காய்ச்சினா நாப்பது அம்பதாயிடுமே. எட்டு ஆறாயிடும். ரவூப் கணக்கு தப்புன்னுல்ல ஊரு பேசும்? என் கையால உங்க பேரு கெடணுமா?"

ரவூப்புக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீ தொடாதே! நானே காய்ச்சுறேன்."

"உங்களுக்கு எதுக்கு மச்சான் சிரமம்..."

"தள்ளுன்னா தள்ளு!"

தள்ளினாள். வாசல் தாண்டி, ஜரீனா வீடு வரைக்கும் தள்ளிப் போய்விட்டாள்.

ரவூப் சீனியை நிறுத்தார். தண்ணீரை அளந்தார். அடுப்புக் கரியை ஊதி ஊதிக் கண் சிவந்தார். பாகு தெறித்து மீசையில் ஒட்டியது. எறும்புகள் சட்டைக்குள் புகுந்து விசாரித்தன. முதுகு கேள்விக்குறியாக வளைந்தது. ஆனாலும் அஞ்சும் பதினஞ்சும் பெரிய அண்டாவில் சேர்ந்தபோது, அவருக்குக் கப்பலைக் கரைசேர்த்த மாலுமியின் களிப்பு.

மறுநாள் பந்தலில் அந்தச் சர்பத்தைக் குடித்தவர்கள் இன்னொரு தம்ளர் கேட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் மூன்றாவதும் கேட்டார்கள். ரவூப் ஒவ்வொருவரையும் பிடித்து நிறுத்தி, நாற்பது எக்ஸிலிருந்து ஆரம்பித்தார்.

ஜரீனா ஓடி வந்தாள். "ரவூப் நானா, என் மானத்தைக் காப்பாத்திட்டீங்க!"

ரவூப்பின் நெஞ்சு சட்டைப் பொத்தானைச் சோதித்தது. மனைவியைத் தேடினார். பதுருன்னிசா பெண்கள் நடுவில் நின்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் மருதாணி, மாதுளை முத்தாகச் சிவந்திருந்தது.

"இது எப்போ வச்சே?"

"நேத்து நீங்க பாகு கிண்டும்போதுதான், மச்சான். தண்ணியில கை நனைக்காம இருந்தாத்தானே இப்படிப் பிடிக்கும்!"

ரவூப் வாயைத் திறப்பதற்குள் ஜரீனா குறுக்கிட்டாள். "நானா, மறுவீட்டு விருந்துக்கு நெய்ச்சோறு. அரிசிக்குத் தண்ணி அளவு யாருக்கும் பிடிபடல. எங்க மச்சானைத் தவிர வேற யாராலும் முடியாதுன்னு பதுரு சொல்லுது."

சுற்றி நின்ற பெண்கள் அத்தனை பேரும் மரியாதையோடு அவரையே பார்த்தார்கள்.

"சின்னக் கணக்குத்தான்," என்று தலையை நிமிர்த்திக்கொண்டே, ரவூப் சட்டைக் கையை மடித்துவிட்டார்.