ஈரச் சுவரும் காய்ந்த பல்லும்

முடிச்சூர் ரோட்டில் படகு ஓடியதே ஒரு மழை, அதற்கு மறு வருஷம் நடந்தது இது. (அந்த வெள்ளத்தில் என் சாரம் கட்டும் மூங்கிலெல்லாம் போனது தனிக் கதை.) மகளின் நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, பெயிண்ட்டில் கலக்கும் கலர் பாட்டில் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தேன். மூடி திறக்கவில்லை. முன்பல் பாதி போனது.

"ஒடஞ்ச பல்லோட சபையில வந்து நிக்காதப்பா" என்று மகள் அழுதாள். மாப்பிள்ளையின் அப்பா பல்லாவரத்தில் பெயிண்ட் கடை வைத்திருப்பவர். கலரில் ஒரு சொட்டு கூடினாலும் கண்டுபிடித்துவிடுவார்.

தாம்பரத்தில் ஒரு டாக்டரம்மா, உடைந்த பல்லுக்குப் பீங்கானில் உறை போடலாம் என்றார். ஜன்னலோரம் உட்காரவைத்து, விதவிதமான நிறத்தில் பொம்மைப் பற்களைக் கோத்த பட்டை ஒன்றை என் வாயருகே பிடித்தார். எங்கள் பெயிண்ட் கார்டு மாதிரிதான். ஐந்தே விநாடி பார்த்துவிட்டு, மஞ்சளாக ஒன்றை எடுத்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. நான் கைநாட்டுதான், ஆனால் வெள்ளையிலேயே பதினெட்டு வெள்ளை தெரிந்தவன். ஈரச் சுவரில் கலர் பார்க்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் சட்டம். தோளில் கிடந்த துண்டால் பல்லையெல்லாம் அழுந்தத் துடைத்து, ஃபேனுக்கு நேராக வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்தேன்.

"சார், பல்லு எப்பவும் ஈரமாத்தான் இருக்கும். காஞ்சா வெளுத்துடும்."

"டாக்டரம்மா, நாப்பது வருசமா செவுரு பாத்துகினு கீறேன். எனக்கேவா?"

பத்து நிமிஷம் காயவிட்டு நானே ஒன்றைப் பொறுக்கினேன். நல்ல வெள்ளை, அச்சாகப் பொருந்தியது. அவர் நோட்டில் என்னவோ எழுதி, கீழே என் கைநாட்டை வாங்கிக்கொண்டார். (பாராட்டு என்று நினைத்தேன்.)

நிச்சயத்துக்கு முந்தின நாள் டாக்டரம்மா உறையை மாட்டினார். ஒரு மணி நேரம் திறந்தே கிடந்த வாய். கண்ணாடியில் வித்தியாசமே தெரியவில்லை. நான் ஜெயித்த மாதிரி சிரித்தேன். "நாளைக்குப் பாருங்க சார்" என்றார் அவர்.

மறுநாள் சபையில் தட்டு மாற்றும்போது சம்பந்தியைப் பார்த்து முழு வாயையும் திறந்து சிரித்தேன். மற்ற பற்கள் எச்சிலில் ஊறி, பழைய மஞ்சளுக்கே திரும்பியிருந்தது எனக்குத் தெரியாது. பீங்கான் மட்டும் அப்படியே பளபளத்தது. அவர் தட்டை வாங்காமல் என் வாயையே பார்த்தார். மகள் முகம் செத்துவிட்டது.

"சம்பந்தி, டச்சப் பண்ண எடம் தனியா தெரியுதே."

முதலில் சிரித்தது மகள்தான். பிறகு சபை சிரித்தது. நானும் சிரித்தேன், வாயை மூடிக்கொண்டு.

இன்றும் எங்கள் குடும்பத்தில் எதற்கு எது சேரவில்லை என்றாலும் அதற்கு 'அப்பா பல்லு' என்றுதான் பெயர். போன வாரம்கூட மகள் ஒரு ஜாக்கெட் துணியை அந்தப் பெயர் சொல்லித்தான் கடையில் திருப்பிக் கொடுத்தாள். கடைக்காரருக்கும் புரிந்தது, அதுதான் வேதனை.

உங்களுக்குத் தெரிந்த பெயிண்டர் யாராவது பல் கட்டப் போனால் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: துண்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகட்டும்.